முறை கேட்டவன்

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். மேகம் மூடியிருந்தது, மழைக்கான அறிகுறி இல்லை. பூட்டிக் கிடந்த ஒரு பழைய நீச்சல்குளக் கட்டடத்தின் பின்புறம் வண்டியை நிறுத்தினேன். முதுகு விண்விண்ணென்று வலித்தது.

ஊர் ஊராகப் போய் கான்கிரீட்டில் விழுந்து எழுவதற்குப் பெயர் சுற்றுலாவாம். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அப்படித்தான் சொன்னான். வழியில் இருக்கும் ஒரு ஸ்கேட் பார்க்கையும் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தான். நானோ எலும்பு முறிவு வார்டில் மாவுக்கட்டு போடுகிறவன். சக்கரம் வைத்த பலகையில் ஏறுகிறவர்கள் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருவார்கள். அது தெரிந்துதான் என் மனைவி என்னைக் கூட அனுப்பினாள்.

"போன மாதிரியே முழுசாக் கூட்டிட்டு வரணும். இல்லைன்னா நீங்களும் வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள். அவர்களுக்கு அம்மா இல்லை. அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அதனால் அந்தப் பேச்சை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் போன பார்க்கிலேயே அவன் என்னைக் கேலி செய்தான். அவனிடம் இரண்டு போர்டுகள் உண்டு. கிண்ணம் போலக் குடைந்து கட்டியிருந்த பள்ளத்தின் விளிம்பில் உபரி போர்டை வைத்து, அதன் பின்நுனியில் கால் ஊன்றிச் சும்மா நின்றிருந்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மரியாதையாக ஒதுங்கினார்கள்.

"மாமா, காலை எடுங்க! அப்படி நின்னா அடுத்தது உங்க முறைன்னு அர்த்தம். போர்டால விளிம்புல ஒரு தட்டு தட்டிட்டா அப்புறம் யாரும் குறுக்க வரக் கூடாது."

"தட்டிட்டு இறங்காமப் போனா?"

"அப்படி எவனும் போக மாட்டான் மாமா. தட்டினவன் இறங்கியே ஆகணும்."

பெரிய சட்டசபை என்று நினைத்துக்கொண்டேன்.

நீச்சல்குளத்தின் பின்னால் இருந்த இந்த இடத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை. கிண்ணம் மற்றவற்றைவிட ஆழமாக இருந்தது. சுற்றிலும் முட்புதர் மண்டிக் கிடந்தும் உள்ளே ஒரு சருகுகூட இல்லை. சுவரில் கிறுக்கல் இல்லை. விளிம்பு மட்டும் தேய்ந்து பளபளத்தது. அடியிலிருந்து ஈரச் சிமெண்டு வாடை வந்தது. தரையோ எலும்பு போல உலர்ந்திருந்தது.

"வேணாம்டா. போயிடலாம்."

"இதுக்காகத்தானே மாமா இவ்வளவு தூரம் வந்தோம்?"

விளிம்பில் போர்டை வைத்துக் கால் ஊன்றினான்.

டக்.

சத்தம் எதிர்ப்பக்க விளிம்பிலிருந்து வந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

"யாரோ முறை கேக்கறாங்கடா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆளே இல்லாத இடத்துல யாருக்கு மாமா முறை?" என்று சிரித்தபடி இறங்கிவிட்டான்.

சக்கரங்கள் கரகரவென்று சரிவில் ஓடின. எதிர்ச்சுவரில் ஏறினான், திரும்பினான். அப்போதுதான் இன்னொரு ஜோடிச் சக்கரங்களின் சத்தம் கேட்டது. எதிரொலி என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அவன் அடித்தளத்தில் நின்றுவிட்டான்.

சத்தம் நிற்கவில்லை.

அது அவனைச் சுற்றி வந்தது. சுவரில் ஏறி, இறங்கி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் போகும் வழியில் மட்டும் சிமெண்டுத் தூசி லேசாக எழும்பியது.

"மாமா..." என்றான் மெதுவாக. சின்னப் பையனாக இருந்தபோது கெட்ட கனவு கண்டு அக்காவைக் கூப்பிடும் அதே குரல்.

"மேல ஏறுடா!"

ஓடி வந்து சுவரில் தாவினான். நான் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். விரல் நுனிகள் தொட்டன. மேலிருந்து சத்தம் விருட்டென்று இறங்கி எங்கள் கைகளுக்கு நடுவே பாய்ந்தது. என் விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. அவன் கீழே உருண்டான்.

எழுந்தபோது அவன் முன்கை தப்பான இடத்தில் மடங்கித் தொங்கியது. வார்டில் தினமும் பார்க்கிற முறிவுதான். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சத்தம் மறுபடி விளிம்புக்கு ஏறியது. ஒரு நொடி நின்றது. அடுத்து இறங்கினால் கையோடு விடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு எங்கள் மேல் இருந்தது வெறும் கோபமல்ல, வெறுப்பு. தோலில் உறைத்தது.

கெஞ்சினேன். திட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை. அதற்கு ஒரே ஒரு சட்டம்தான் தெரியும்.

உபரி போர்டை எடுத்து விளிம்பில் வைத்தேன். பின்நுனியில் காலை ஊன்றி, ஒரு தட்டு தட்டினேன்.

டக்.

எல்லாம் அடங்கியது. எதிர்ப்பக்கம் ஏதோ ஓரடி பின்னால் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

மரியாதையாக ஒதுங்கியது.

அவனுடைய நல்ல கையைப் பிடித்து மேலே இழுத்தேன். போர்டுகளை அப்படியே போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினோம். வெகுதூரம் வந்த பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீங்க தட்டிட்டீங்க."

"ஆமா."

"ஆனா இறங்கலையே."

"பேசாம உக்காருடா" என்றேன்.

அவன் கைக்கு நானே மாவுக்கட்டு போட்டேன். மனைவி சில நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சரியாகிவிட்டாள். கட்டைப் பிரித்தோம், எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. அதோடு விட்டது சனி என்றுதான் நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஈரச் சிமெண்டு வாடை அடித்தது.

பக்கத்து அறையிலிருந்து கரகரவென்று சக்கரச் சத்தம் வந்து, என் காலருகே நின்றது.

"ஏங்க" என்று மாடிப்படி உச்சியிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. கையில் மடித்த துணிகள், காலடி சரியாகத் தெரியாத அளவுக்கு. "படி ஓரத்துல இந்தப் பலகையை எவன் வச்சான்? தம்பிதான் இதை விட்டுட்டானே?"

"தொடாதே!" என்று கத்தினேன்.

அவள் அதற்குள் அதை ஒதுக்கக் காலை நீட்டி, பின்நுனியை மிதித்திருந்தாள்.

டக்.

என் காலருகே இருந்தது, அவளுக்கு வழிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தது.