விட்டுவைத்த அடைப்புக்குறி

ஆரணியில் தறி ஓடும் அந்தப் பழைய வீட்டின் மாடிக்கு ஹேமலதா மகள் தீபாவோடு குடிவந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற சந்தோஷம் வேறு.

வேலை என்ன பெரிய வேலை? ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் படிக்கும் ‘ஜேசன் பார்சர்’ என்ற மென்பொருளுக்கு, சோதனைக்காக, வேண்டுமென்றே கோணல்மாணலான கோப்புகளைக் கொடுக்க வேண்டும். அது ‘பிழை’ என்று தள்ளினால் பாஸ். மூன்று கோப்பு எழுதினாள். மூன்றிலும் இறந்த நாள் காலி, கடைசி அடைப்புக்குறி இல்லை. பெயர்களுக்கு யோசிக்கச் சோம்பல். அலமாரிக் கதவில் யாரோ கிறுக்கியிருந்த தனகோடி, கீழே இருக்கும் வீட்டுக்காரர் முருகேசன், அப்புறம் தீபா. புத்தி எங்கே போயிற்றோ!

முதல் கோப்பைப் பார்சர் தள்ளவில்லை. அடைப்புக்குறியை மூடி, தேதியும் போட்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் ஒன்பது.

அறையில் ஈரச் சாயத்தின் வாடை.

காபி கொண்டுவந்த முருகேசனின் மனைவி ஸ்வர்ணலதாவிடம் கேட்டாள்.

“அக்கா, தனகோடி யாருங்க?”

“முன்ன இங்க குடியிருந்துச்சும்மா. மூணு வருஷம் ஆவுது, மார்ச் ஒம்போதாந்தேதி இந்த ரூம்லயே போயிடுச்சு. ஏன் கேக்கற?”

ஹேமலதா லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் இரண்டாவது கோப்பின் அடைப்புக்குறி மூடிக்கொண்டிருந்தது.

முருகேசன். இன்று, 4:02.

கீழே தறிச் சத்தம் பட்டென்று நின்றது.

“ஜல்தி வாங்க யாராச்சும்! முருகேசண்ணன் வுழுந்துட்டாரு!” என்று கீழேயிருந்து தறிக்காரர் ஒருவர் கத்தினார்.

ஸ்வர்ணலதா அலறிக்கொண்டு ஓடினாள். மூன்றாவது கோப்பில் தேதி மட்டும் விழுந்திருந்தது, அடைப்புக்குறி இன்னும் மூடவில்லை.

தீபா. இன்று, 4:10.

நாலு பத்துக்குத்தான் தீபாவின் பள்ளி வேன் தெருமுனையில் நிற்கும். ஹேமலதா டிரைவருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. கோப்பை அழித்தாள், திரும்ப வந்தது. மறுபடி அழித்தாள், மறுபடி வந்தது.

கீழே ஸ்வர்ணலதா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் கொடுத்த காபி இன்னும் ஆறவில்லை.

பாவிதான். ஆனாலும் பெற்றவள். தீபாவின் பெயரை அழித்துவிட்டு, ஹேமலதா அந்த இடத்தில் ‘ஸ்வர்ணலதா’ என்று அடித்தாள்.

அன்று முதல்முறையாகப் பார்சர் ஒழுங்காக வேலை செய்தது.

பிழை. பெயர் தவறு.

எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிந்தன. ‘தீ’ வந்தது.

‘பா’ வந்தது.

தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. “தீபா, எறங்காதடி!” என்று கத்திக்கொண்டே ஜன்னலுக்கு ஓடினாள்.

பிரேக் கிறீச்சிட்டது.

அவளுக்குப் பின்னால், கோப்பின் கடைசி வரியில், அவள் விட்டுவைத்த அடைப்புக்குறி தானாக வந்து மூடிக்கொண்டது.