மரச்சிலுவையில் லோறன்ஸ்

2003 நவம்பரில் ஒரு காலை, பிளோறன்ஸ் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் கணேசலிங்கத்தின் வீட்டுக்கு வந்தார். காப்புறுதிக் கம்பனிக்காக விபத்துகளை விசாரிப்பது கணேசலிங்கத்தின் தொழில். பிளோறன்ஸின் கணவர் லோறன்ஸ் ஊரறிந்த கூத்துப் பாடகர், கோடையில் இறந்துபோனவர். சனிக்கிழமைகளில் அவருடைய கல்லறையில் யாரோ வெள்ளைப் பூ வைக்கிறார்களாம். கணவருக்கு வேறொருத்தி இருந்தாளா என்று பிளோறன்ஸுக்குத் தெரிய வேண்டும்.

"கோபம் வருதில்லை அண்ணை. ஒண்டுமே வருதில்லை. அறிஞ்சால் காணும்."

டாக்சி ஓட்டும் நண்பர் உமாபதி ஆவலோடு வண்டியை எடுத்தார்.

கல்லறையில் பெயர்க்கல் இன்னும் நாட்டவில்லை. தற்காலிக மரச்சிலுவையில் 'லோறன்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஈரமண்ணில் வெறுங்கால் தடங்கள். வாடிய பூங்கொத்து நீளமான விளையாட்டுச் சப்பாத்து நாடாவால் கட்டப்பட்டிருந்தது. கள்ளக் காதல்தான் என்றார் உமாபதி. கணேசலிங்கம் பிளோறன்ஸிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: அவர் பந்து விளையாடுவாரா?

"இல்லை. அவருக்கு முழங்கால் ஏலாது."

அன்று மாலை கணேசலிங்கம் இரண்டு இடங்களுக்குத் தொலைபேசினார். அடுத்த சனிக்கிழமை மூவரும் கல்லறையில் காத்திருந்தார்கள். முப்பது வயதுப் பெண்ணொருத்தி பூவோடு வந்து, அந்தக் குளிரிலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பூவைச் சிலுவையடியில் வைத்தாள். பெயர் தேவமலர், லைப்சிக்கிலிருந்து ரயிலில் வருகிறாள்.

கணேசலிங்கம் மெதுவாகச் சொன்னார்: "கிறிஸ்தவ வேதக்காரர் கல்லறையில சப்பாத்துக் கழட்டுறேல்லை. அப்ப வாறது சைவ ஆள். இந்த ஊரில பேர்போன லோறன்ஸ்மார் மூண்டு பேர், ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லை. தகப்பன்மாரின்ரை பேர் இஞ்சை குடும்பப் பேராப் போச்சு. செத்தது எந்த லோறன்ஸ் எண்டு ஊர் ஆக்களுக்குத் தெரியும், இவ வெளியூர். மொழிபெயர்ப்பாளர் லோறன்ஸ் நாடா கட்டின சப்பாத்துப் போடுறவரில்லை, போன் அடிச்சால் அவரே எடுக்கிறார், அவரைச் செத்தவரெண்டு ஒருத்தரும் நினைக்கேலாது. மிச்சம் உதைபந்தாட்டப் பயிற்சியாளர். இவ பூ வைக்கிறது அவருக்குத்தான்."

தேவமலர் தலையசைத்தாள். மதம் வேறு என்பதால் பயிற்சியாளரோடு அவளுக்கிருந்த உறவு யாருக்கும் தெரியாது. கார்ல்ஸ்ரூஹே லோறன்ஸ் காலமானார் என்று தமிழ் வானொலியில் கேட்டாள். அவன் போன் எடுப்பதை நிறுத்தியதும் அதே கிழமைதான். அவன் விட்டுப்போன சப்பாத்தின் நாடாதான் அது.

"அவர் லண்டனில இருக்கிறார் தங்கச்சி. கலியாணம் கட்டிட்டாராம். அவரின்ரை கழகத்தில சொன்னவை" என்றார் கணேசலிங்கம்.

"உயிரோடையோ?"

"ஓம்."

அவள் அழவில்லை. குனிந்து பூவை எடுக்கப் போனாள். பிளோறன்ஸ் அவள் கையைப் பிடித்தார்.

"கிடக்கட்டும். இவருக்கும் வேற ஆரும் கொண்டு வாறேல்லை."