எல்லைக்கல் மேல் ஒரு பிணம்

சர்வேயரின் செல்போன் அலறியது!

"சார்... பொது நிலத்துல ஒரு பிணம்!"

வாட்ச்மேன்தான். சர்வேயர் பதறிப்போனார்.

பதறமாட்டாரா பின்னே? கிழக்கு நகராட்சியும் மேற்கு நகராட்சியும் சேர்ந்து வணிக வளாகம் கட்ட வேண்டிய நிலம் அது. ஒருத்தர் ஒரு செங்கல் வைத்தாலும் மற்றவர் தடையில்லாச் சான்று தர வேண்டும். ஆறு வருடமாக யாரும் தரவில்லை!

அங்கே கட்டப்போகும் பன்னிரண்டாம் நம்பர் கடை சர்வேயரின் மனைவிக்கு. தையல் மிஷினோடு காத்திருக்கிறாள், பாவம். இன்று பதினொரு மணிக்கு அரசாங்க நடுவர் வந்து தீர்ப்புச் சொல்கிறார். இந்த நேரம் பார்த்தா ஒரு பிணம்?

ஸ்கூட்டரில் பறந்தார்.

எல்லைக்கல்லின் மேல் குப்புறக் கிடந்தது உடல். தலை கிழக்கில்... கால் மேற்கில்...

கிழக்கு நகராட்சித் தலைவரும் மேற்கு நகராட்சித் தலைவியும் ஏற்கெனவே ஆஜர். தலைவர் மகளைத் தலைவி மகனுக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை.

"பிணம் எங்களோடது, சம்பந்தி!"

"தலை எங்க பக்கம் கெடக்கு, சம்பந்தியம்மா!"

"நடந்து வந்த கால் எங்க பக்கம்!"

சர்வேயர் நடுவில் புகுந்தார். "பிணத்துக்கு எதுக்குங்க போட்டி?"

"யோவ், நடுவர் ஆதாரம் கேப்பாருல்ல? இறப்புச் சான்றிதழ் யாரு தர்றாங்களோ, நிலம் அவங்களுது!" என்றார் தலைவர்.

"முதல்ல செத்துட்டாரான்னு பாருங்க..." என்றார் சர்வேயர்.

யார் காதில் விழுந்தது? பக்கத்தில் கிடந்த டிரைவிங் லைசென்ஸைப் பார்த்துப் பெயரை எழுதி, உடன் வந்த இரு நகராட்சிக் குமாஸ்தாக்களும் அவரவர் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஆளுக்கொரு சான்றிதழில் டொப்! டொப்! முத்திரை விழுந்தது.

"தூக்குங்க!"

கிழக்கு கையைப் பிடித்தது. மேற்கு காலைப் பிடித்தது. இழு... இழு...

மளுக்!

"ஐயோ... அம்மா!"

அலறியது... பிணம்!

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டது.

"சாக்கடைச் சரிவு எந்தப் பக்கம்னு குனிஞ்சு பார்த்தேன். முதுகு பிடிச்சு மயங்கிட்டேன். இழுத்தே சரி பண்ணிட்டீங்க. நன்றி... நான்தான் நடுவர்!"

பெயரோ முகமோ தெரியாத புது நடுவரைத் தலைவரும் தலைவியும் அவசரமாகக் கும்பிட்டார்கள்.

"தீர்ப்பு பையில இருக்கு. ஆளுக்குப் பாதி. நாளைக்கே வேலை ஆரம்பிக்கலாம். என் கையெழுத்துதான் பாக்கி. ஆனா..." இரண்டு சான்றிதழ்களையும் குமாஸ்தாக்களிடமிருந்து வாங்கி உயர்த்திக் காட்டினார். "செத்தவன் எப்படிய்யா கையெழுத்துப் போடறது?"

"கிழிச்சிடறோம் ஐயா!"

"பதிவேட்டுல ஏறிடுச்சே! பொது நில விவகாரம். ஒரு நகராட்சி ரத்து பண்ணணும்னா இன்னொரு நகராட்சி தடையில்லாச் சான்று தரணுமே?"

தலைவர் தலைவியைப் பார்த்தார். தலைவி தலைவரைப் பார்த்தார்.

"முதல்ல நீங்க கொடுங்க, சம்பந்தி!"

"ஏன்... நீங்க கொடுத்தா ஆகாதா?"

சர்வேயருக்கு அழுகையே வந்துவிட்டது. செல்போன் மறுபடி அலறியது. மனைவி!

"என்னங்க, நம்ம கடை என்னாச்சு?"

"நடுவர் ரெண்டு நகராட்சியிலயும் செத்துட்டாரும்மா..."

"ஐயையோ! அவர் வீட்டுல சொல்லியாச்சா?"

"அவரேதான் போன் போட்டுச் சொல்லிக்கிட்டிருக்காரு!"