ஐந்தாவது பிளேட்

உத்தமபாளையத்தில் எங்கள் ஆஸ்பத்திரி லேபைக் காலை ஏழரைக்கு நான்தான் திறப்பேன். அன்றும் சின்னமனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பர்தாவைக் கழற்றி மாட்டிவிட்டு, இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். முந்தின நாள் நான்கு பிளேட் வைத்திருந்தேன்.

ஐந்து இருந்தன.

புண்ணிலிருந்து எடுத்த கிருமியைப் பிளேட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்ந்த சின்ன வட்டத் தாள்களை வைப்போம். ஒரு ராத்திரி சூட்டில் இருந்தால் கிருமி பாசி மாதிரி படரும். எந்த மருந்து கேட்கிறதோ, அதைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம் விழும். அதை ஸ்கேலால் அளந்து எழுதுவதுதான் என் வேலை.

ஐந்தாவதின் அடியில் என் கையெழுத்தில் ஒரு பெயர். அம்மாவாசி.

அவர் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

சொல்லிவிடுகிறேன். அனுமந்தன்பட்டிக்காரர். திராட்சைப் பந்தல் கம்பி காலில் ஏறி, சீழ் வைத்து வந்தவர். அவர் பிளேட்டை வைத்த ராத்திரி கரண்ட் போய்விட்டது. காலையில் பார்த்தால் ஒன்றும் வளரவில்லை. இன்னும் ஒரு நாள் விட்டிருக்க வேண்டும். வார்டிலிருந்து போன் மேல் போன். எனக்கோ கம்பத்தில் ஒரு கல்யாணம். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே கால் புண், அதே நாற்றம். கிருமியும் அதேதான் இருக்கும் என்று அவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். பிளேட்டை அழிக்கப் போட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போனேன். நினைத்தாலே கூசுகிறது.

ஐந்தாவதை வெளியே எடுத்தேன். எடுத்த சில நிமிடத்தில் எந்தப் பிளேட்டும் ஆறிவிடும்.

இது ஆறவில்லை.

காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி சுட்டது. மூடியைத் தாண்டிச் சீழ் வாடை வந்தது. பிளேட் முழுக்கக் கிருமி. ஒரே ஒரு மருந்தைச் சுற்றி மட்டும் அகலமான வளையம். அளந்தேன். இருபத்துநான்கு மில்லிமீட்டர். அந்த மருந்துக்கு நேரேதான் ‘கேட்காது’ என்று நான் எழுதியிருந்தேன்.

வேகவைத்து அழித்தேன். மறுநாளும் ஐந்து.

அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள், லேப் ஜன்னலில் அவர் மனைவி கருத்தம்மாள் வந்து நின்றார்.

“நீங்கதானே தாயி ரிப்போர்ட்டு எழுதுனது? எல்லாம் சரியாப் பாத்துத்தான் மருந்து குடுத்தோம்னு டாக்டர் சொன்னாக. ஒரு கும்புடு போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

கை கூப்பினார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“கும்புடாதீகம்மா,” என்றேன் மெதுவாக. “நான் பாக்காம எழுதிட்டேன். பக்கத்துக் கட்டிலு ரிப்போர்ட்டத்தான் எழுதுனேன். அவுகளுக்குக் கேக்குற மருந்து ஒண்ணு இருந்துச்சு.”

அவர் திட்டவில்லை. ஜன்னலுக்குள் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

உடனே உதறினார்.

“இது அவுக சூடு,” என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்றே பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து இன்குபேட்டரில் நான்கு வைத்தால் நான்குதான் இருக்கிறதாம். விசாரணை முடியும்வரை என்னை ரத்தம் எடுக்கும் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். தினமும் எனக்கு நானே தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். தொண்ணூற்றெட்டைத் தாண்டுவதில்லை.

ஆனால் ஊசி குத்துவதற்கு முன்பே, நான் தொட்ட உடனே, எல்லாரும் கையை இழுத்துக்கொள்கிறார்கள்.