விஷ டாக்டரின் சிரிப்பு

"இந்தக் கோட்டோட ரோட்டுக்கு வரலாமா? எந்த லேப் நீங்க?"

மழைக்கு ஒதுங்கிய பேருந்து நிறுத்தத்தில், முன்பின் தெரியாத ஒருவனிடம் அவள் எரிந்து விழுந்தாள். கிருமிகளோடு வேலை செய்பவர்கள் வெள்ளைக் கோட்டை ஆய்வகத்திலேயே கழற்றி மாட்டிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். இவனோ மார்பில் நீலக் கறையோடு அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அதுவும் இன்றைக்குப் பார்த்து! மாதக்கணக்காக வளர்த்த நுண்ணுயிர்கள் காலையில் மொத்தமாகச் செத்துக் கிடந்தன. பேசவே தெம்பில்லை, ஆனாலும் கோபம் மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

"மேடம், இது சாயம்... நான் நடிகன். பக்கத்து ஸ்டூடியோ. டீ குடிக்க வந்தேன், மழை பிடிச்சுக்கிச்சு."

நிமிர்ந்து பார்த்தாள். அம்மா தினமும் திட்டித் தீர்க்கும் முகம்! சீரியலில் ஊர்த் தண்ணீரில் விஷம் கலக்கும் விஞ்ஞானி. நீலத் தண்ணீரைக் குலுக்குவான், அண்ணாந்து சிரிப்பான்.

"ஐயோ... விஷ டாக்டர்!"

"அவனேதான். நீங்க?"

"தண்ணியில கிருமி இருக்கான்னு பார்க்கிறவ. உங்களால எங்க அம்மாவே என்னைச் சந்தேகமாப் பார்க்கிறாங்க."

அவன் சிரித்தான். திரையில் பார்த்த சிரிப்பில்லை இது. களைத்த, கூச்சமான சிரிப்பு. இமைகளில் மழைத்துளி தொங்க, அந்தக் கண்கள்... சட்டென்று பேருந்து வரும் திசைக்குத் திரும்பிக்கொண்டாள்.

அதன்பின் மாலைகளில் அங்கேயே சந்தித்தார்கள்.

"ஒண்ணைக் கண்டுபிடிச்சதும் என்ன பண்ணுவீங்க?"

"எங்க தப்பு பண்ணினோம்னு தேடுவோம்."

"சிரிக்கவே மாட்டீங்களா?"

"சிரிக்கத் தெம்பு எங்க இருக்கு?"

அவன் யோசித்தான். "அடுத்த சீன்ல சிரிக்க மாட்டேன். உங்களை மாதிரி ஒரு களைச்ச மனுஷனாக் காட்டுறேன். சத்தியமா."

தன் வேலையை உள்ளபடி காட்ட ஒருவன்! அவள் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்துச் சீரியல் பார்த்தாள். நீலத் தண்ணீர் கொதித்தது. அவன் அண்ணாந்து சிரித்தான்... வழக்கத்தைவிட உரக்க.

"இவனையாடி நல்லவன்னு சொன்னே?" என்றாள் அம்மா.

மறுநாளிலிருந்து அவள் தூரத்து நிறுத்தத்துக்கு நடந்தாள். கால் வலித்தது. ரோஷம் அதைவிட வலித்தது.

ஒரு மாலை ஆய்வக வாசலில் அவன் நின்றிருந்தான். கோட்டு இல்லை, கசங்கிய சட்டை.

"நாளைக்கு ஷூட்டிங்ல நான் வெடிச்சுச் சாகிறேன்."

"அம்மா கைதட்டுவாங்க." நடந்தவள் நின்றாள். "எதுக்கு வெடிக்கணும்?"

"இனிமே சிரிக்க மாட்டேன்னு டைரக்டர்கிட்ட சொன்னேன். லேபோட சேர்த்து என்னையும் முடிச்சுடுறதாக் கதையை மாத்திட்டாங்க."

"வேலை?"

"போச்சு." அவன் குரல் தணிந்தது. "அன்னைக்குப் பயந்துட்டேங்க. கையில இருந்த ஒரே வேஷம்... சிரிச்சுட்டேன். அப்புறம் வேஷம் இருந்துச்சு, நிறுத்தத்துல நீங்க இல்ல. எது இல்லாம இருக்க முடியாதுன்னு புரிஞ்சுபோச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் வாசல் கேட்டில் சாய்ந்துகொண்டாள். கால்களில் முழு நாளின் பாரம். கண்கள் மட்டும் ஏனோ நிறைந்தன.

"எனக்கும்தான்... ஆனா இன்னைக்கு நின்னுக்கிட்டே தூங்கிடுவேன் போலிருக்கு. வெட்கமெல்லாம் நாளைக்குப் படட்டுமா?"