எலுமிச்சம்பழத்தில் மாறாத சிவப்பு

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வள்ளியம்மாளின் பிள்ளை செத்துக் கிடந்தது. எட்டு மாதக் குழந்தை. முந்தின நாள் முழுக்க வலிப்பு வந்து வந்து போயிற்று. கோழி கூவுகிற நேரத்தில் ஒரேயடியாக அடங்கிவிட்டது. அழுகுரல் கேட்டும் சிங்கவரம் சாலைத் தெருவின் மற்ற தாய்மார்கள் ஓடிவரவில்லை. அவரவர் பிள்ளையை மடியில் போட்டு, இமையை இழுத்துப் பார்த்து, உதடு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். சாவு வீட்டுக்குப் போகாமலிருப்பது செஞ்சியில் லேசான குற்றமல்ல. ஆனால் அன்றைக்குப் பயம் மரியாதையைத் தின்றுவிட்டது.

பயப்படக் காரணமும் இருந்தது. நாலு வீடு தள்ளி, ராஜாம்பாளின் பால்குடிப் பையனுக்கும் இதே நோய். லாரி ஓட்டும் அவள் புருஷன் தங்கராசு சென்னைப் பக்கம் போயிருந்தான். அவளும் மாமியார் விருத்தாம்பாளும் பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார்கள். டாக்டரம்மா அவன் ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தார். உடம்பில் காரீயம் சேர்ந்திருக்கிறது, இன்னும் சேர்ந்தால் இவனும் பிழைக்க மாட்டான் என்று ஒளிக்காமல் சொன்னார். எங்கிருந்து சேர்ந்தது என்பதுதான் அவருக்கும் தெரியவில்லை.

தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தெரியவைத்தவர் குங்குமக் கடை துரைக்கண்ணு. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குக் கூடை கூடையாகக் குங்குமம் அனுப்புகிறவர். அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். கண்ணில் இடுகிற சுர்மாக் கல் என்பதே காரீயக் கல்தான், அதை இந்த ஊரில் விற்கிறவன் ஒருத்தன்தான் என்றார். அந்த ஒருத்தன் வளையல், பவுடர், மை விற்கும் சாந்த் பாஷா. அவரும் அதே தெருக்காரர். பத்து மணிக்கெல்லாம் அவர் கடையின் கண்ணாடி உடைந்தது. சப் இன்ஸ்பெக்டர் அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார். கைது அல்ல, உயிரோடு இருக்கட்டும் என்றுதான்.

அன்று மாலை கடலூர் பஸ்ஸிலிருந்து தனகோட்டி இறங்கினார். மருந்து இன்ஸ்பெக்டர். ஒல்லி, தீராத ஜலதோஷம், யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பாத முகம். மருந்துச் சட்டத்தோடு அழகுப் பொருளையும் சேர்த்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நிறத்துக்காக ஈயமோ பாஷாணமோ கலக்கக் கூடாது என்று விதி சொன்னது. விதி கடலூர் அலமாரியில் இருந்தது. மையும் பொட்டும் செஞ்சியில் இருந்தன.

முதலில் சாவு வீடு. வள்ளியம்மாளால் பேச முடியவில்லை. தனகோட்டி வாசலிலேயே நின்றார். நிலைப்படியின் இரண்டு பக்கமும் மாசி அமாவாசைக்குத் திருஷ்டி கழித்து வைத்த எலுமிச்சம்பழ மூடிகள். சாறெல்லாம் வற்றிச் சுருங்கியிருந்தன. மேலே தடவிய குங்குமம் மட்டும் வைத்த அன்று போலவே சிவப்பாக இருந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்து ஸ்டேஷன்.

"வள்ளியம்மா உங்ககிட்ட மை வாங்கினாங்களா?"

"இல்ல சார். வளையல்தான். மை அவங்க ஊட்லயே வெளக்குல புடிப்பாங்க."

"ராஜாம்பாள்?"

"அவங்களும் அப்டித்தான்."

"சுர்மா?"

"எங்க ஜனத்துக்குத்தான் சார் விக்கிறேன். எம் பேரனுக்கே வெச்சிருக்குது. வெசம்னா வெப்பனா?"

மகள் ஹபீபுன்னிசா அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, அதன் கண்ணில் சுர்மா. அதே தெரு, அதே கிணறு, அதே பால்காரன். குழந்தையோ கொழுகொழுவென்று இருந்தது. தாயின் கழுத்துக் கருகமணியை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தது. தனகோட்டி அதைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார். ஹபீபுன்னிசா பயந்துபோய் முக்காட்டை இழுத்து மூடினாள்.

கடையிலிருந்த சுர்மா, ஸ்நோ, பவுடர் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து, அரக்கு வைத்து முத்திரையிட்டார். சென்னையிலிருந்து முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ராஜாம்பாளின் பிள்ளை காத்திருக்குமா என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

துரைக்கண்ணு அவரை வழியில் மறித்துக் கடைக்கு அழைத்துப்போய் சோடா உடைத்துக் கொடுத்தார். வீட்டின் முன்பக்கம்தான் கடை. சாந்த் பாஷாவைப் பற்றி நிறையச் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை நினைத்தால் வயிறு எரிகிறது என்றார். கண் கலங்கியது நிஜம்தான். உள்ளே அவர் மனைவி லட்சுமியம்மாள் கதவோரம் நின்றாள். நெற்றியில் மங்கலான பொட்டு. தனகோட்டி சோடாவைக் குடித்து முடித்து, வாசலைப் பார்த்தபடி செருப்பை மாட்டினார். அங்கேயும் நிலைப்படியில் எலுமிச்சம்பழ மூடிகள். அவற்றின் மேல் குங்குமம் மஞ்சளாக வெளிறிப்போயிருந்தது.

சனிக்கிழமை தெரு கொஞ்சம் மூச்சு விட்டது. சுர்மாக் கடைக்குப் பூட்டு. எல்லாப் பிள்ளைகளின் முகத்திலும் மையைச் சுரண்டிக் கழுவியாயிற்று. இனிப் பயமில்லை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராஜாம்பாளின் பிள்ளைக்கு மறுபடி வலிப்பு வந்தது.

செய்தி தெருவுக்கு வந்ததும் அந்த மூச்சு நின்றுவிட்டது. மை இல்லை, சுர்மா இல்லை, ஊர்த் தண்ணீரும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற பிள்ளையை எது தேடி வந்து கொல்கிறது? சிலர் கிணற்றை மூடினார்கள். சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சீயமங்கலத்துக்கும் மேல்மலையனூருக்கும் பஸ் ஏறினார்கள். காரணம் தெரிந்த பயத்துக்குக் கல்லெறிய ஒரு கண்ணாடி கிடைக்கும். காரணம் தெரியாத பயத்துக்கு அதுவும் கிடையாது.

தனகோட்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலிப்பு நின்றிருந்தது. ஊசி மருந்து வாங்கிவர டாக்டரம்மா பாண்டிச்சேரிக்கு ஆள் அனுப்பியிருந்தார். ஆனால் விஷம் இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ஊசி போட்டும் பயனில்லை என்றார். தனகோட்டி எல்லாவற்றையும் விசாரித்தார். பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். மருந்து டாக்டரம்மா கையால். வெளியாள் யாரும் தொடவில்லை.

"பொழைச்சுடுவானா சார்?" ராஜாம்பாள் கேட்டாள். தூங்காத கண். அழுது முடித்த குரல்.

பையன் பால் குடித்துவிட்டு அவள் மார்பில் சாய்ந்து கிடந்தான். பல் முளைக்கிற வயசு, ஈறு அரிக்கும். கை தன்னாலே மேலே போய், கழுத்திலிருந்த தாலியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. மஞ்சள் கயிறு, இரண்டு பொன் காசு, அதன் மேல் காலையில்தான் வைத்த குங்குமம். அவன் சப்பச் சப்ப உதட்டோரம் சிவப்பாக வழிந்தது.

தனகோட்டி குனிந்து பையனின் உதட்டைத் துடைத்து, விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தார்.

"இந்தக் குங்குமம் எங்கே வாங்கினது?"

விருத்தாம்பாள்தான் பதில் சொன்னாள். "தொரக்கண்ணு கடையிதுங்க. முன்னல்லாம் வேர்வ பட்டா மஞ்சளாப் பூடும். எலுமிச்சம்பழத்துல வெச்சா வெளுத்துடும். தாலிக்கு வெச்சது வெளுத்தா புருசனுக்கு ஆவாது. எம் புள்ள லாரி ஓட்றவன். இந்தக் கொஞ்ச மாசமா நல்ல குங்குமம் வருது, மாறவே மாறாது."

தனகோட்டி பக்கத்துக் கட்டில்காரரிடம் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கினார். விருத்தாம்பாள் கொண்டுவந்திருந்த குங்குமப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேல் சாற்றைப் பிழிந்தார். எல்லோரும் பார்த்தார்கள். மாறவே இல்லை.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து இடிச்ச குங்குமம் புளிப்பு பட்டா வெளுக்கணும். அதுதான் இந்த ஊர்க் குங்குமம். இது குங்குமமே இல்லை. இரும்புக் கேட்டுக்குத் துருப்பிடிக்காம அடிக்கிற ஈயச் செந்தூரம். அந்தத் தாலியை இப்பவே கழுவுங்க."

விருத்தாம்பாள் குறுக்கே வந்து நின்றாள். புருஷன் ஊரில் இல்லாதபோது தாலிக் குங்குமத்தைக் கழுவுவதா? அவளுக்கும் ஒரு பிள்ளை. அவனும் சாலையில் இருந்தான். அவளைக் குறை சொல்லி என்ன பயன்?

ராஜாம்பாள் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்தாள். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். புதுக் கயிறு கேட்டு வாங்கி, மஞ்சள் தடவி மாற்றினாள். நெற்றியையும் கழுவினாள். திரும்பி வந்தபோது நெற்றி வெறிச்சென்று இருந்தது.

"அவரு வந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன் அத்தை. புள்ளையக் குடுங்க."

திங்கட்கிழமை காலை தனகோட்டி துரைக்கண்ணுவின் கடைக்கு வந்தார். கூட சப் இன்ஸ்பெக்டர், சாந்த் பாஷா, பின்னால் தெரு. யாரும் கூப்பிடாமலே வள்ளியம்மாளும் வந்து நின்றாள்.

தனகோட்டி நேராக விஷயத்துக்கு வந்தார். சுர்மா வைத்த குழந்தை இந்தத் தெருவில் நன்றாக இருக்கிறது. அது சப்புவது கருகமணியை, அதில் குங்குமம் கிடையாது. இதே தெருவிலுள்ள பூவாயியின் குழந்தை புட்டிப்பால் குடிக்கிறது, அதற்கும் ஒன்றுமில்லை. தாலியில் இந்தக் குங்குமம் வைத்து, மார்பில் போட்டுப் பால் கொடுத்தவர்களின் பிள்ளைகள்தான் விழுந்தன. மை போன பிறகும் ஆஸ்பத்திரிக்குள் விஷம் வந்தது தாயின் கழுத்தில்தான். அவர் சொல்லச் சொல்லக் கூட்டத்தில் பல பெண்களின் கை தன்னாலே கழுத்துக்குப் போனது.

கடைப் பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சம்பழத்தில் தடவினார். சிவப்பு அப்படியே நின்றது. பின்கட்டிலிருந்து போலீஸ்காரர் செந்தூரத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

துரைக்கண்ணு முதலில் மறுத்தார். பிறகு அழுதார். "வெளுத்துப்போச்சுன்னு பொட்டலத்தக் கொண்டாந்து மூஞ்சில வீசுனாங்க சார். மாறாதது வோணும்னாங்க. இது வெசம்னு எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியும்." தனகோட்டி குனிந்து நிலைப்படியிலிருந்த மூடியை எடுத்துக் காட்டினார். "ஊருக்கெல்லாம் மாறாத குங்குமம் விக்கிறீங்க. உங்க வீட்டு வாசல்ல வெச்சது மட்டும் வெளுத்திருக்கு. உங்க வீட்டுக்குப் பழைய குங்குமத்தையே தனியா எடுத்து வெச்சிருக்கீங்க. ஏன்?"

கதவோரம் நின்ற லட்சுமியம்மாள் வெளியே வந்தாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை.

"புது டின்ன தொடாத, தொட்டா கைய கழுவாம சோறு திங்காதன்னு எங்கிட்ட சொன்னாரு. டின்ன வித்த பெயிண்டு கடக்காரன் சொல்லிக் குடுத்தானாம். ஏன்னு நான் கேக்கல."

கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. சப் இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணுவின் தோளைப் பிடித்தார். அவர் யாரிடம் என்று இல்லாமல் முணுமுணுத்தார்: "நெத்திக்கு வெக்கிற பொட்டுதானே. யாரு திங்கப்போறாங்கன்னு..."

"எம் புள்ள தின்னான்," என்றாள் வள்ளியம்மாள்.



மத்தியானம் சாந்த் பாஷா கடையைத் திறந்தார். உடைந்த கண்ணாடியைப் பெருக்க, கல்லெறிந்தவர்களிலேயே இரண்டு பேர் வந்தார்கள். தனகோட்டி ஸ்நோவையும் பவுடரையும் விட்டுவிட்டு சுர்மாக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டார். குற்றம் செய்தது அவர், தண்டனை எனக்குமா என்று சாந்த் பாஷா கேட்டார். தண்டனை இல்லை, சுர்மா காரீயக் கல் என்று துரைக்கண்ணு சொன்னது ஒன்றுதான் உண்மை என்றார் தனகோட்டி. சாந்த் பாஷாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்று சாயங்காலம் பேரனின் கண்ணை அவரே கழுவிவிட்டார்.

ஊசி வேலை செய்தது. ராஜாம்பாளின் பிள்ளை பங்குனியில் வீட்டுக்கு வந்தான். இளைத்துப் போயிருந்தாலும் பசி வந்துவிட்டது. பால் குடித்து முடித்ததும் பழையபடி கை மேலே போய் தாலியைப் பிடித்தது. ராஜாம்பாள் பதறி அவன் கையைப் பற்றினாள். வெறும் மஞ்சள்தான் என்று தெரியும், கழுவியது அவளேதான். இருந்தும் விரலை விட அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று.