நான்காவது ஓரம்

நேற்று சாயங்காலம் விட்ட இடத்தைத் தாண்டி ஒரு விரற்கடைக்குத் தையல் ஓடியிருந்தது. அம்சா பிள்ளைப் போர்வையை மடியில் போட்டுக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அவள் அவசரக்காரி, அவள் தையல் நெல்மணி நீளத்துக்கு விழும். இதுவோ எறும்பு வரிசை மாதிரி நெருக்கமாக, இறுகிக் கிடந்தது. மாமியார் செங்கம்மாளுக்குக் கண்ணில் புரை. ஊசியில் நூல் கோக்கவே அம்சாவைத்தான் கூப்பிடுவாள். புருஷன் சடையப்பன் தையல்காரன்தான். ஆனால் மிஷினை விட்டு இறங்கிக் கையால் ஒரு பொத்தான் வைக்கக்கூட அவனுக்குப் பொறுமை கிடையாது.

அவன் செங்கல்பட்டுக் கடையிலிருந்து வாரிக்கொண்டு வந்த வெட்டுத்துண்டுகள்தான் போர்வையாகிக்கொண்டிருந்தன. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் சட்டைக்கு வெட்டிய, பொம்மைப் படம் அச்சடித்த சீட்டித் துணி: மோட்டார் கார், பந்து உருட்டும் யானை, குடை பிடித்துச் சிரிக்கும் சர்க்கஸ் கோமாளி. படங்கள் ஒன்றையொன்று மிதிக்காமலிருக்க நடுநடுவே வெறும் சிவப்பும் வெறும் நீலமும் வைத்திருந்தாள். உள்ளே பழைய வேட்டி, அடியில் பழைய சேலை. மூன்று ஓரம் மூடி, தலையணை உறை மாதிரி இருந்தது. நான்காவது ஓரம் பாதியில் நின்றது.

"அத்த, போர்வைய யாருனா எடுத்தீங்களா?"

"கீழ வையிடி அத மொதல்ல. கெரணம் புடிக்கப் போவுது." செங்கம்மாள் ஊசி, கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றையும் வாரிக்கொண்டாள். மருமகள் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கைக்கூட விடவில்லை. "போன தபா கெரணத்தப்ப கத்திரிக்கா அரிஞ்ச. இன்னா ஆச்சி?"

போன தடவை பிள்ளை செத்துப் பிறந்தது. மருத்துவச்சி வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்ட மாடு கேட்டபோது பண்ணைக்காரர் தரவில்லை. திருவிடந்தை ஊர் முழுக்க அதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. கத்தரிக்காயைத்தான் பேசினார்கள்.

"சூரியன நெலா மறைக்கிது, அவ்ளோதான் அத்த. எட்டாங்கிளாசுல படிச்சிகீறேன்."

"படிச்ச வாய மூடிக்கினு உள்ள போ."

சடையப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "கொஞ்ச நேரந்தாம்மே. இந்தப் புள்ளயாவது நல்லா வரணும்ல?"

எட்டு மாதம். இந்தப் பிள்ளை உயிரோடு வந்துவிட வேண்டும். அவளுக்கும் வேறு ஆசை இல்லை. போர்வையை அணைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கிரகணம் பிடித்தது விடும் வரைக்கும் யார் கத்தினாலும் திறக்கக் கூடாது. திறந்தால் நிழல் கர்ப்பிணிமேல் விழுந்துவிடும். அவர்கள் வழக்கம் அது.

ஜன்னலில்லாத அறை. கருவாட்டு வீச்சமும், புளிப்பானையின் ஈர வாடையும், சுவருக்கு அப்பால் கடல் அடித்து அடித்து இளைக்கிற சத்தமும் கலந்து மூக்கையும் காதையும் ஒன்றாக அடைத்தன. ஓட்டு இடுக்கு வழியாகத் தரையில் பொட்டுப் பொட்டாக விழும் காலை வெயில் இன்று ஒரு பக்கம் கடிபட்டுப் பிறை பிறையாகி, வெட்டிப்போட்ட நகம் மாதிரி மெலிந்து, பக்கத்தில் விரித்திருந்த போர்வையின் கோமாளி முகத்தில் ஊர்ந்தது. மாமியார் சொன்னபடியே அவள் கை கால் மடக்காமல் மல்லாந்து படுத்தாள். வயிற்றில் பிள்ளை உதைத்தது. நல்லது. உதைடா கண்ணு.

வெளியே காக்கைகள் அடங்கின. கோழிகள் கூடைக்குள் போய் முணுமுணுத்தன. பிறகு அதுவும் இல்லை.

சர்ர்.

எலி என்று நினைக்கப் பார்த்தாள். மறுபடியும், நிதானமாக, சர்ர். தையல்காரன் பெண்டாட்டிக்கு அந்தச் சத்தம் தெரியாதா? துணிக்குள் நூல் இழுபடும் சத்தம். அறையில் ஊசியே கிடையாது.

ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் தொப்புளுக்குக் கீழே ஏதோ சுண்டியது. வலியில்லை. யாரோ உள்ளேயிருந்து ஒரு நுனியைப் பிடித்துக்கொண்ட மாதிரி. பிள்ளை ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருண்டது.

"அத்த! கதவத் தொற! உள்ள இன்னாமோ கீது!"

"எலிதான் இருக்கும். நீட்டிப் படு."

"புள்ள உதைக்கவே இல்ல அத்த!"

பக்கத்து வீட்டு வரலட்சுமி சிரித்தாள். "எட்டாங்கிளாசுக்கு இருட்டுன்னா பயமாமே!"

"மச்சான், உன் கால்ல வுழறேன். தொற!"

கதவுக்கு அந்தப் பக்கம் சடையப்பனின் மூச்சு கேட்டது. தாழ்ப்பாள் லேசாக ஆடியது. "தொறக்கவாம்மா?"

"தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிட்றேன்," என்றாள் செங்கம்மாள்.

தாழ்ப்பாள் ஆடுவது நின்றது.

சர்ர். சர்ர். வேகமாக.

அவள் வயிற்றைப் பிடித்தாள். மேடு இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தமில்லை. தண்ணீருமில்லை. கைக்குக் கீழே சும்மா இறங்கியது. தோல் தொளதொளத்தது. உள்ளே ஒன்றுமில்லை.

போர்வையை இழுத்தாள். வரவில்லை. கனத்தது. சுட்டது. சின்னப் பிள்ளை உடம்புச் சூடு.

நான்காவது ஓரத்தைத் தேடினாள். மூடியிருந்தது. எறும்பு வரிசை.

நகத்தால் பிராண்டினாள். நகம் பிய்ந்தது. கத்தரிக்கோல் வெளியே. அரிவாள்மனை வெளியே. பல்லால் கடித்தாள். உப்புக் கரித்தது. நூல் அறவில்லை. கோமாளியின் கன்னம் உள்ளேயிருந்து புடைத்தது. ஒரு குதிகால்.

தாழ்ப்பாள் திறந்தது. சாம்பல் வெளிச்சம் ஒரு கீற்று. செங்கம்மாளின் தலை உள்ளே நீண்டது. பல்லுக்கிடையில் துணியோடு அம்சா நிமிர்ந்தாள். கிழவி அவள் வயிற்றைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்கே தெரிந்தது.

"அத்த, கத்திரி. கத்திரியக் குடு."

வெளியே காக்கைகள் கத்தத் தொடங்கியிருந்தன.

"கெரணம் இன்னும் முழுசா வுடல," என்றாள் செங்கம்மாள், முதுகுக்குப் பின்னால் நின்றவர்களிடம். கதவு மூடியது. தாழ்ப்பாள். அதன்மேல் எதையோ முட்டுக் கொடுத்தார்கள்.

அம்சா போர்வையைத் தூக்கி மாரோடு சேர்த்தாள். அது நெளிந்து, தேடி, பால் கட்டிய பக்கமாகத் திரும்பியது. வெறும் நீலத் துண்டு ஒன்று ஈரமாகி, உள்ளே போய் வெளியே வந்தது. உள்ளே. வெளியே. வாய் இருக்கவேண்டிய இடம்.

அந்த ஈரத்தின் ஓரத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொடியாக ஒரு தையல் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.